தண்ணீர் உடைத்த பிளாக்

மார்ச் கடைசி வாரம். மிச்சிகனில் பனி உருகித் தெருவெல்லாம் சேறு. நாலைந்து மாதம் மூடிக் கிடந்த கராஜைத் திறந்து, எங்கள் 1970 செவ்ரோலெட் நோவாவின் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்ற ஊற்றப் போய்க்கொண்டே இருந்தது. நாலு காலன் பிடிக்கும் வண்டியில் ஐந்தாவது காலனும் இறங்கிய பிறகுதான் சந்தேகம் வந்து குனிந்து பார்த்தேன். இடப்பக்க எக்ஸாஸ்ட் குழாய்கள் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டார்ச் அடித்தேன். எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலான பிளாக்கின் பக்கவாட்டில், அங்குள்ள ஓட்டைகளை மூடும் வெல்ஷ் பிளக் வரிசைக்குக் கொஞ்சம் கீழே, ஒரு சாண் நீளத்துக்குத் தலைமுடி மாதிரி ஒரு கோடு.

தப்பு என்னுடையதுதான். டிராக் ஸ்டிரிப்பில், அதாவது கார்கள் நேர்கோட்டில் ஓடும் பந்தயத் தளத்தில், உறையாமல் காக்கும் ஆன்டிஃப்ரீஸ் ஊற்றி ஓட விடமாட்டார்கள். அது தரையில் கொட்டினால் வழுக்கும், கழுவினாலும் லேசில் போகாது. அதனால் பந்தய கார்களில் வெறும் தண்ணீர்தான். சீசன் முடிந்ததும் அதை வடித்துவிட வேண்டும். நானும் நவம்பரில் ரேடியேட்டர் குழாயைத் திறந்து வடித்தேன். ஆனால் ரேடியேட்டர் காலியானால் பிளாக் காலியாகாது. சிலிண்டர்களைச் சுற்றியுள்ள தண்ணீர் அறையின் அடியில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பிளக் இருக்கின்றன. அவற்றைக் கழற்றினால்தான் அங்கே தங்கிய தண்ணீர் வெளியே வரும். நான் பிறந்து வளர்ந்தது கோயம்புத்தூர். தண்ணீர் உறையும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கும் என்று பள்ளியில் படித்து மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அது இரும்பைப் பிளக்கும் என்பது புத்திக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. இந்த ஊரில் வெல்ஷ் பிளக்கை 'ஃப்ரீஸ் பிளக்' என்பார்கள். உறைந்தால் அது தெறித்து பிளாக்கைக் காப்பாற்றும் என்று நானும் நம்பியிருந்தேன். உண்மையில் அவை வார்ப்பின்போது உள்ளே இருக்கும் மணலை வெளியே எடுக்க விட்ட ஓட்டைகளின் மூடிகள். சில சமயம் தெறிக்கும், சில சமயம் தெறிக்காது. எங்களுடையதில் பக்கவாட்டில் இருந்த ஆறும் அப்படியே உட்கார்ந்திருக்க, இரும்புதான் விட்டுக்கொடுத்தது.

காரில் பாதிப் பங்கு என்னுடையது. மீதிப் பாதியும் ஸ்டியரிங்கும் என்னோடு முன்பு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவருடையது. டூல்ரூமில் காலம் கழித்த மனிதர். போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சரி, இப்போது விதிப் புத்தகத்தை எடு" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஏன் விதிப் புத்தகம்? நாங்கள் ஓடுவது என்எச்ஆர்ஏ ஸ்டாக் எலிமினேட்டரில். என்எச்ஆர்ஏ என்பது 1951ல் வாலி பார்க்ஸ் தொடங்கிய கார்ப் பந்தயச் சங்கம். கால் மைல் ஓட்டத்தில் ஸ்டாக் என்பது, கம்பெனி விற்ற காரை விற்ற மாதிரியே வைத்துக்கொண்டு எவ்வளவு வேகமாக ஓட்டலாம் என்கிற விளையாட்டு. காரின் எடையை, அந்த எஞ்சினுக்குச் சங்கம் போட்டு வைத்திருக்கும் கணக்குக் குதிரைத்திறனால் வகுத்தால் எந்த எழுத்து வகுப்பு என்று வரும். ஒவ்வொரு வகுப்புக்கும் இன்டெக்ஸ் என்று ஒரு நேரம் உண்டு. அதற்குக் கீழே ரொம்பவும் அதிகமாக ஓடிக் காட்டினால் அந்த எஞ்சினின் குதிரைத்திறனை ஏற்றிவிடுவார்கள். அதே எஞ்சின் வைத்திருக்கும் எல்லாருக்கும் சேர்த்துத்தான் ஏறும். உங்களுக்குத் தெரியாத ஒருவர் கலிபோர்னியாவில் உங்களைத் திட்டுவார்.

வெளியிலிருந்து பார்த்தால் விதிகள் வேடிக்கையாக இருக்கும். 9 அங்குல ஸ்லிக் டயர் போடலாம், எக்ஸாஸ்டுக்கு ஹெடர் போடலாம். ஆனால் கார்புரேட்டர் அந்தக் காருக்கு வந்த வகையாகவே இருக்க வேண்டும், எங்களுக்கு அது குவாட்ராஜெட். கேம் வால்வைத் தூக்கும் உயரம் கம்பெனி அளவைத் தாண்டக் கூடாது, எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறது என்பது உங்கள் இஷ்டம். சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட்டின் அறை எத்தனை சிசிக்குக் குறையக் கூடாது, பிஸ்டன் மேலே வரும்போது பிளாக்கின் மேல் பரப்பிலிருந்து எவ்வளவு கீழே நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனியே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். ஆகவே பிளாக் மாற்றுவது சும்மா ஒரு இரும்புப் பெட்டியை மாற்றுவது இல்லை. காரில் அவர்கள் அளக்கும் பல அளவுகள் அந்தப் பெட்டியில்தான் தொங்குகின்றன. இது எனக்கு அப்போது முழுசாகப் புரியவில்லை. மூன்று பிளாக் பார்த்து, ஒன்றில் பணம் தொலைத்த பிறகு புரிந்தது.

அன்று ராத்திரி அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் லேத் பட்டறை வைத்து லாரி எஞ்சின் போர் செய்தவர், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்தியவர். விரிசலைக் காட்டினேன்.

"வெளிச் சுவர்தானே கண்ணு? பின் போட்டுத் தெச்சுருலாம். நம்ம பட்டறையில எத்தனை பண்ணியிருக்கறோம்."

அப்பா சொன்னது சரிதான். வார்ப்பிரும்பு விரிசலை வெல்டிங் வைக்காமல், ஓட்டை போட்டு வரிசையாகப் பின் முறுக்கித் தைப்பது நல்ல வைத்தியம். தண்ணீர் அறையின் வெளிச் சுவர் என்பதால் அழுத்தமும் கம்மி. தெருவில் ஓடும் வண்டியாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் எங்கள் பிளாக் ஏற்கெனவே 60 தௌ போர் ஆகியிருந்தது. அடுத்த முறை தேய்ந்தால் சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்ற புதுக் குழாயைச் செருக வேண்டியதுதான். அதைச் சொன்னதும் அப்பா, "அப்ப அது கிழட்டு மாடு. மருந்துக்குச் செலவு பண்ணாத" என்றார்.

தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சிங்காநல்லூர்ப் பட்டறையிலும் அதே சொல், டெட்ராய்ட்டுக்கு வெளியே இருக்கும் இந்த மெஷின் ஷாப்பிலும் அதே சொல். இங்கே வந்த புதிதில் எனக்கு உச்சரிப்புத் தடுமாறாமல் வந்த சில சொற்களில் அது ஒன்று.

எங்களுக்கு வேண்டியது செவ்ரோலெட் ஸ்மால் பிளாக் 350, அதாவது 350 கன அங்குல எஞ்சின். 1970 நோவா எஸ்எஸ்ஸில் 300 குதிரைத்திறன் என்று விற்ற எல்48. இந்த எஞ்சினைப் போல அமெரிக்காவில் கொட்டிக் கிடக்கும் எஞ்சின் வேறு கிடையாது. அதுதான் பிரச்சினையும். கொட்டிக் கிடப்பதால் எல்லாரும் "350தானே, எல்லாம் ஒன்றுதான்" என்பார்கள்.

முதல் பிளாக்கை விற்க வந்தவர் அப்படித்தான் சொன்னார். சுத்தம் செய்து, ஆரஞ்சு பெயின்ட் அடித்து, கல்யாணப் பெண் மாதிரி நிறுத்தியிருந்தார். பெரியவர் பின்பக்கம் போய், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பில் ஓட்டுநர் பக்கம் இருக்கும் வார்ப்பு எண்ணை விரலால் தடவிப் பார்த்தார். 14093638. நன்றி சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். அது 1987லிருந்து வந்த வார்ப்பு. 1986லிருந்து, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் ஒரே வளையமாக மாறிவிட்டது. அதற்கு முன் இரண்டு பாதி. எங்கள் கிராங்க் அதில் ஒழுங்காக உட்காராது, கிராங்கை கியர்பாக்ஸோடு இணைக்கும் ஃப்ளெக்ஸ்பிளேட்டின் துளை வட்டமும் வேறு. அடாப்டர் கிடைக்கும், தெரு வண்டிக்குப் போடுகிறார்கள். 1970 கார் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அதை வைத்து ஸ்டாக்கில் போய் நின்றால் பரிசோதகர் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு அனுப்புவார்.

நாங்கள் தேடியது 3970010. 1969லிருந்து எழுபதுகளின் கடைசிவரை வார்த்த எண். அதே விளிம்பின் இன்னொரு பக்கத்தில் வார்த்த தேதி இருக்கும். மாதத்துக்கு ஓர் எழுத்து, ஏ என்றால் ஜனவரி. பிறகு நாள், கடைசியில் வருடத்தின் கடைசி இலக்கம் மட்டும். 'சி 14 1' என்றால் மார்ச் 14, 1971. பத்தாண்டு எது என்பதை வார்ப்பு எண்ணைச் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். டைமிங் கவருக்குப் பின்னால் 010, 020 என்று இருந்தால் அதில் வெள்ளீயமும் நிக்கலும் கூடுதல், தேயவே தேயாது என்று பழைய ஆட்கள் சத்தியம் செய்வார்கள். அதற்குக் கூடுதல் விலையும் கேட்பார்கள். நான் அதற்கு ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கொடுக்க மாட்டேன். சுவர் எவ்வளவு தடிமன் என்று அளந்து காட்டினால் கொடுப்பேன்.

இரண்டாவது பிளாக்கை நானே தனியாகப் போய் வாங்கினேன். பெரியவர் வெளியூர் போயிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பாகச் சந்தை. எண் சரி, தேதி சரி, விலை 300 டாலர். வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவியபோது பயணி பக்கம், முன்னால், ஹெட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன மேடையைப் பார்த்தேன். கம்பெனியில் எஞ்சின் குறியீட்டைக் குத்தும் இடம் அதுதான். அங்கே ஓர் எழுத்தும் இல்லை. கண்ணாடி மாதிரி மின்னியது.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சுத்தமாக இருக்கிறதே என்று சந்தோஷம்கூடப் பட்டேன். பெரியவர் வந்து பார்த்து, விரல் நகத்தை அந்த மேடையில் குறுக்கே இழுத்தார். "கோடு எங்கே?" என்றார். கம்பெனியில் அந்தப் பரப்பைச் சீவும்போது நேர் நேராக மெல்லிய கோடுகள் விழும். நகத்துக்குத் தட்டுப்படும். பிளாக்கின் மேல் பரப்பை யாராவது சீவி ஃபேசிங் செய்திருந்தால், அந்த மேடையும் அதே தளத்தில் இருப்பதால் கோடும் போகும், எழுத்தும் போகும்.

மெஷின் ஷாப்பில் அளந்தார்கள். கிராங்க் நடுக்கோட்டிலிருந்து மேல் பரப்புவரை 9.025 அங்குலம் இருக்க வேண்டும். எங்களுடையது 8.985. அதுவும் ஒரு முனையில். மறுமுனையில் இன்னும் 8 தௌ குறைவு. யாரோ இரண்டு மூன்று முறை சீவியிருக்கிறார்கள், அதையும் கோணலாக.

40 தௌ என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். கணக்குப் போட்டுக் காட்டினார் பெரியவர், ஷாப் மேசையில் கிடந்த அட்டைப் பெட்டியின் மேல். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரத்தில் பாதி 1.74 அங்குலம். கனெக்டிங் ராடு 5.7. பிஸ்டன் பின்னிலிருந்து தலைவரை 1.56. கூட்டினால் சரியாக 9 அங்குலம். நல்ல பிளாக்கில் பிஸ்டன் 25 தௌ உள்ளே நிற்கும். இந்த பிளாக்கில் 15 தௌ வெளியே எட்டிப் பார்க்கும். 30 தௌ போர் செய்த சிலிண்டரில் ஒவ்வொரு 10 தௌவும் ஏறத்தாழ 2 சிசி. ஆக 40 தௌவுக்கு 8 சிசிக்கு மேல் அறை சுருங்குகிறது. அழுத்தம் ஏறும், சக்தியும் ஏறும், அதனால்தான் குறைந்தபட்ச அளவு என்று ஒன்றை எழுதி வைத்திருக்கிறார்கள். தடித்த கேஸ்கட் போட்டுச் சரிக்கட்டலாமே என்றேன். "கேஸ்கட்டை எடுத்துவிட்டு அளப்பார்கள்" என்றார். போதாக்குறைக்கு, மேல் பரப்பு இறங்கினால் இரண்டு பக்க ஹெட்டும் உள்ளே சரிந்து வரும், நடுவில் உட்காரும் இன்டேக் மேனிஃபோல்டின் போல்ட் துளைகள் சேராது.

அந்த பிளாக்கை ஒரு பையனுக்கு விற்றேன், தெரு வண்டிக்கு. எல்லா அளவையும் எழுதி ஒட்டித்தான் கொடுத்தேன். 300க்கு வாங்கியது 120க்குப் போனது. அளவெடுத்த கூலி தனி.

இதில் எனக்குக் கிடைத்த பழக்கம் ஒன்று உண்டு. இப்போதெல்லாம் சந்தைக்குப் போகும்போது பையில் ஒரு கம்பி பிரஷ், டார்ச், சின்ன காந்தம், வெர்னியர், கொஞ்சம் சாக்பீஸ். முதலில் எண். அடுத்து அந்த மேடை. அப்புறம் முன்பக்கம் கேம் போகும் துளை, அதைச் சுற்றிய வார்ப்பு வளையத்தின் நடுவில் இருக்கிறதா, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஒதுங்கியிருந்தால் வார்க்கும்போது உள் அச்சு நகர்ந்திருக்கிறது, சிலிண்டர் சுவர் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருக்கும் என்று சந்தேகப்பட வேண்டும். கிராங்கைக் கீழிருந்து பிடித்திருக்கும் மெயின் கேப்புகள் அதே பிளாக்கினுடையவையா என்பதும் முக்கியம். பிளாக்கோடு சேர்த்து வைத்துத்தான் அந்தத் துளைகளைக் கடைகிறார்கள். வேறு பிளாக்கின் கேப் மாட்டியிருந்தால் முழு வரிசையையும் மறுபடி கடைய வேண்டும். விற்பவர் பேசிக்கொண்டே இருப்பார். பேசட்டும்.

மூன்றாவது பிளாக், ஒரு பிக்கப் டிரக்கிலிருந்து வந்தது. கழற்றவே இல்லை, எலிக்கூடு வைத்த எஞ்சின், கரியும் கிரீசும் விரற்கடை தடிமன். சீண்டுவார் இல்லாமல் கிடந்தது. எண் 3970010. மேடையைப் பிரஷ்ஷால் தேய்த்தேன். கோடுகள் இருந்தன. குத்திய எழுத்துகள் இருந்தன. சிலிண்டர் இன்னும் கம்பெனி அளவிலேயே, 4.000 அங்குலம். எனக்குக் கை நடுங்கியது. விற்பவருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆனால் டிரக் எஞ்சினின் பிளாக்கை நோவாவில் வைக்கலாமா? எண் ஒன்று என்பதால் ஆகும் என்றுதான் தோன்றியது. பெரியவர் தோன்றுவதை நம்புகிற ஆள் இல்லை. விற்பவருக்கு முன்பணம் கொடுத்து நிறுத்திவிட்டு, எண், தேதி, மெயின் கேப், எல்லாவற்றையும் படமெடுத்து டிவிஷன் தொழில்நுட்ப அதிகாரிக்கு அனுப்பி, எழுத்தில் பதில் வந்த பிறகுதான் மீதிப் பணம் கொடுத்தார். மிச்சிகன், ஒஹாயோ, இண்டியானா எல்லாம் மூன்றாம் டிவிஷனில் வருகிறோம். அந்தப் பதிலை அச்செடுத்து இன்னும் டூல் பாக்ஸ் மூடியில் ஒட்டி வைத்திருக்கிறோம். பரிசோதனைக் கொட்டகையில் நின்றுகொண்டு "போனில் சரி என்று சொன்னார்கள்" என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாவமாக இருக்கும்.

மெஷின் ஷாப்பில் முதலில் வெந்நீர்த் தொட்டி. அடுத்து காந்தம் வைத்து இரும்புத் தூள் தூவி விரிசல் பார்ப்பது. கேம் தள்ளும் லிஃப்டர்கள் உட்காரும் பள்ளத்தில் ஒன்றும் இல்லை, ஹெட் போல்ட் துளைகளைச் சுற்றி ஒன்றும் இல்லை. அதற்கு அப்புறம் ஒலி அலையால் சுவர்த் தடிமன். ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, கீழ், நாலு பக்கமும் என்று கிட்டத்தட்ட நூறு அளவு எழுதினார் மெஷினிஸ்ட். பிஸ்டன் நெருக்கிச் சாயும் பக்கம் 180 தௌவுக்குக் கீழே இருந்தால் பந்தய எஞ்சினுக்கு எடுக்க மாட்டேன் என்பது அவர் கணக்கு. எங்களுடையதில் மிக மெலிந்த இடம் ஐந்தாம் சிலிண்டரில், 210. அதில் 30 தௌ போர் செய்தால் சுவரில் 15 தௌதான் போகும், 195 மிஞ்சும். பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். அது அவருடைய கைதட்டல்.

போர் முடிந்து, சிலிண்டரைக் கல்லால் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங் செய்யும்போது ஹெட் இருக்கும் இடத்தில் கட்டையான ஓர் இரும்புத் தட்டை வைத்து, ஹெட்டுக்கு வைக்கிற மாதிரியே 65 பவுண்டு-அடி டைட் வைத்தார்கள். அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். "இது எதுக்கு?" என்றார். போல்ட் இறுகும்போது சிலிண்டர் வட்டம் கொஞ்சம் கோணும், கோணிய நிலையில் வைத்துத் தேய்த்தால் ஓடும்போது சரியான வட்டமாக இருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "நாங்க தட்டில்லாமத் தேச்ச லாரியெல்லாம் அப்ப முட்டை மாதிரி ஓடிச்சா?" என்றார். சிரித்தார், ஆனால் அடுத்த வாரம் வேறு எதற்கோ போன் செய்தபோதும் அந்தத் தட்டின் தடிமன் என்ன என்று கேட்டார்.

மேல் பரப்பை நேராக்கும் அளவுக்கு மட்டும் சீவச் சொன்னோம். குறைந்தபட்சத்துக்கு மேல் 3 தௌ மிச்சம் வைத்து. விளிம்புவரை போகிறவர்கள் உண்டு. ஆனால் பிஸ்டன் துளையில் லேசாக ஆடும், தலையில் கரி படியும், அளக்கிறவர் கை வேறு. அந்த 3 தௌவுக்காக இழக்கும் நேரம் கால் மைலில் கண்ணுக்குத் தெரியாது. பட்டியலில் பெயர் நீக்கினால் தெரியும்.

பழைய பிளாக் 60 தௌ, 360 கன அங்குலம். புதியது 30 தௌ, 355. ஐந்து கன அங்குலம் போனது என்று எனக்கு உள்ளூரக் கவலை. அதைச் சரிக்கட்ட வேறு கேம் போடலாமா, கியர்பாக்ஸின் டார்க் கன்வர்ட்டர் மாற்றலாமா என்று ஆரம்பித்தேன். பெரியவர் ஒரே பேச்சாக மறுத்துவிட்டார். பிளாக்கையும் கேமையும் ஒன்றாக மாற்றினால், வண்டி மெதுவாகப் போனால் எது காரணம் என்று எப்படிச் சொல்வாய் என்றார். புது பிஸ்டன் வேண்டியிருந்தது, போர் அளவு மாறியதால். அதனால் கிராங்கை மறுபடி பேலன்ஸ் செய்தோம். கேமும் லிஃப்டரும் புதிது, ஆனால் பழையதன் அச்சு அசல் அளவு. ஏனென்றால் தட்டை லிஃப்டர் ஒவ்வொன்றும் தன் கேம் முனையோடு சேர்ந்து தேய்ந்து பழகியிருக்கும். வேறு பிளாக்கின் துளையில் அதன் கோணம் நூலிழை மாறினாலும் முனையைத் தின்றுவிடும். முதல் ஓட்டத்தில் இருபது நிமிடம் 2000 ஆர்பிஎம்முக்கு மேல் பிடித்து, துத்தநாகம் உள்ள ஆயிலில் பழக்க வேண்டும். ஐடிலில் விட்டால் கேம் செத்துவிடும்.

அதற்கு முன் ஒரு சம்பவம். எஞ்சினைக் கட்டி ஸ்டாண்டில் வைத்து, டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியாக ஆயில் பம்பை டிரில்லால் சுற்றினோம். ஸ்டார்ட் செய்யும் முன் பேரிங்குகளுக்கு ஆயில் ஏற்றுவதற்கு. டிரில்லில் பளு தெரிய வேண்டும், ஆயில் அழுத்தக் கேஜ் ஏற வேண்டும். கேஜ் 10ல் நின்றது. பம்ப் மோசமா என்றேன். பெரியவர் டிரில்லை நிறுத்தச் சொல்லிவிட்டுக் காதை டைமிங் கவருக்குப் பக்கம் வைத்தார். "இப்போது சுற்று." உள்ளே மழை பெய்கிற மாதிரி சத்தம். கவரைக் கழற்றினோம். கேம் கியருக்குப் பின்னால் ஆயில் கால்வாய்களை மூடும் மூன்று சின்ன பிளக் இருக்க வேண்டும். இரண்டுதான் இருந்தன. சுத்தம் செய்யக் கழற்றியதை நான் திரும்பப் போடவில்லை. மூன்றாவது என் சட்டைப் பையிலோ கராஜ் தரையிலோ இருந்திருக்கும், இன்றுவரை கிடைக்கவில்லை. அப்படியே ஸ்டார்ட் செய்திருந்தால் கேம் முனைகளும் பேரிங்குகளும் அன்றைக்கே போயிருக்கும்.

அன்றிலிருந்து பிளாக்கிலிருந்து கழற்றும் பிளக் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டையில் படம் வரைந்து, அதன் இடத்தில் குத்தி வைக்கிறேன். பின்பக்க மெயின் கேப்புக்கு அடியில் ஒன்று ஒளிந்திருக்கிறது, அதை மறந்தால் ஆயில் ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும், கேஜில் தெரியவும் தெரியாது. அப்புறம் ஹெட் போல்ட். இந்த எஞ்சினில் அந்தத் துளைகள் தண்ணீர் அறைக்குள் திறக்கின்றன. மரையில் சீலன்ட் தடவாமல் டைட் வைத்தால் தண்ணீர் மரை வழியே ஏறி வரும். இதைச் செய்யாமல் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று மூன்று முறை பிரித்த ஒருவரை எனக்குத் தெரியும்.

மெயின் பேரிங் இடைவெளிக்கு, ஜர்னலின், அதாவது கிராங்கில் பேரிங்குக்குள் சுழலும் பகுதியின், விட்டம் ஓர் அங்குலத்துக்கு ஒரு தௌ என்ற பழைய கணக்கைத்தான் வைத்தோம். எங்கள் கிராங்க் 2.45 அங்குலம், ஆக இரண்டரை தௌ. ஐந்து மெயினில் நாலு சரியாக வந்தது, ஒன்று மட்டும் இரண்டே கால். அந்த ஒன்றைப் பெரியவர் இரண்டு நாள் கழித்து, கராஜ் வெப்பம் அதே அளவில் இருக்கும்போது மறுபடி அளந்தார்.

ஜூலையில் ஓடினோம். பழைய பிளாக்கில் நல்ல நாளில் 11.60 வினாடி. புதியதில், ஏறத்தாழ அதே காற்று, அதே டயர், மூன்றாவது ஓட்டத்தில் 11.57. ஐந்து கன அங்குலம் குறைந்தும் மெதுவாகவில்லை. காரணம் கசிவுச் சோதனையில் இருந்தது. பழையதில் சிலிண்டர்கள் 9, 10 சதவீதம் கசிந்துகொண்டிருந்தன. இதில் எட்டும் 4க்குள். வட்டமான சிலிண்டரில் ரிங் ஒழுங்காக உட்கார்ந்தால் போதும், கொஞ்சம் கன அங்குலத்தை மறந்துவிடலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆகஸ்டில் ஒரு டிவிஷன் போட்டியில் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். நாங்கள் கோப்பை எதுவும் வாங்கவில்லை, இரண்டாம் சுற்றிலேயே பெரியவர் பச்சைக்கு முன்பே கிளம்பிச் சிவப்பு விளக்கு வாங்கி வெளியே வந்திருந்தார். முதல் சுற்று நேரத்தைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கலாம். கொட்டகையில் எஞ்சின் சூடு ஆறும் முன்னே இடப்பக்க ஹெட்டைக் கழற்றச் சொன்னார்கள். கேஸ்கட்டைச் சுரண்டி எடுத்துத் துடைத்தோம். பரிசோதகர் டயல் கேஜ் வைத்த பாலத்தை மேல் பரப்பில் வைத்து, பிஸ்டன் உச்சிக்கு வரும்வரை கிராங்கை மெதுவாகத் திருப்பச் சொன்னார். நான்தான் திருப்பினேன். ஊசி ஏறி, நின்று, திரும்ப ஆரம்பித்தது. உச்சியில் பிஸ்டனை இந்தப் பக்கம் அழுத்தி ஒன்று, அந்தப் பக்கம் அழுத்தி ஒன்று, இரண்டையும் எழுதினார். ஒன்றில் 3 தௌ மிச்சம். இன்னொன்றில் ஒரு தௌ. பெரியவர் என்னைப் பார்த்தார். விளிம்புவரை சீவியிருந்தால் அந்த இரண்டாவது அளவில் மாட்டியிருப்போம்.

ஹெட்டின் மேல் கண்ணாடித் தட்டு வைத்து, பியூரெட்டிலிருந்து நிறம் சேர்த்த திரவத்தை ஒவ்வொரு அறையிலும் இறக்கினார்கள். பட்டியல் அளவுக்கு மேலே அரை சிசி. வார்ப்பு எண்ணைப் பார்க்கக் குனிந்தவர், டூல் பாக்ஸ் மூடியில் ஒட்டியிருந்த கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "டிரக் பிளாக்கா? நல்ல இரும்பு" என்று மட்டும் சொல்லி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நவம்பர் இரண்டாம் வாரம், முதல் உறைபனி வரும் என்று அறிவிப்பு. ரேடியேட்டரை வடித்தேன். காரை ஸ்டாண்டில் ஏற்றி, அடியில் படுத்து, இடப்பக்க பிளாக் பிளக்கைக் கழற்றினேன். ஒரு சொட்டுக்கூட வரவில்லை. பரவாயில்லை, காலியாகத்தான் இருக்கிறது என்று மூடப் போனேன். பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் அந்த ஓட்டையைப் பார்த்தேன். கோட் ஹேங்கர் ஒன்றை நிமிர்த்தி உள்ளே விட்டுக் குத்தினேன். துருவும் சேறும் கட்டியாகப் பெயர்ந்து முகத்தில் விழுந்தது, அதன் பின்னால் காவி நிறத்தில் தண்ணீர். அரை பக்கெட் பிடித்தது. துடைத்துக்கொண்டு வலப்பக்கம் போனேன். அங்கேயும் ஒன்றும் வரவில்லை, கம்பி விடும்வரை.